கூலி என்னும் சொல்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் திருக்குறள் நடத்தும் ஆசிரியர்க்கு 619ஆம் குறள் வரும்போது ஒரு சிறு இடர் நேர்வதுண்டு. ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் அமைந்த அக்குறள், ஊழ் துணை செய்யாமற் போனாலும், உடல் வருந்த முயன்ற முயற்சி தனக்குரிய கூலியைக் கொடுத்தே தீரும் என்கிறது. 'கூலி' என்ற சொல் ஆசிரியர் வாயிலிருந்து வந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். சில பிள்ளைகள் சிரிப்பர். அவர்களுக்கு அது 2025இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தின் பெயர். சில பிள்ளைகளோ தலை குனிவர். அவர்களுக்கு அது தம் பாட்டன் பாட்டியரைப் பிறர் ஏசிய ஏச்சு. வள்ளுவர் கருதிய பொருள் இவ்விரண்டும் அன்று. அப்பொருள் எது, ஏச்சு எங்கிருந்து வந்தது, இரண்டும் ஒரே சொல்லா என்பனவற்றை ஆராய்வது, தமிழாசிரியர்க்கு வெறும் அகராதி விளையாட்டு ஆகாது.

முதற்கண் ஒன்றைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஒலி ஒன்றாக இருப்பதனாலேயே சொல்லும் ஒன்று எனக் கொள்ளலாகாது. இதற்குச் சான்று தேட இம்மலையை விட்டு இறங்க வேண்டுவதில்லை. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பார் இங்கே தொடங்கிய புகழ்பெற்ற தேயிலைத் தோட்டத்தின் பெயர் 'போ'. தமிழ்க் காதுக்கு அது ஓர் ஏவல் வினை. வந்தவனை வெளியேறச் சொல்லும் குரல். 'வா என்று அழைத்து வந்து போ என்று பேர் வைத்தான் தொரை' என்று வேடிக்கை பேசுவோரும் இருக்கலாம். ஆனால் அப்பெயர், தேயிலைக்குப் பேர்போன சீன நாட்டு வூயி மலையை மேனாட்டார் 'போகி' என்று திரித்து வழங்கியதிலிருந்து வந்ததாகக் கூறுவர். தமிழ்ப் 'போ'வுக்கும் அதற்கும் உறவில்லை. இரு மொழிச் சொற்கள் ஒரு தோட்டத்தின் வாயிற்பலகையில் தற்செயலாகச் சந்தித்தன, அவ்வளவே. கூலியின் கதையிலும் இத்தகைய சந்திப்புகள் பல உண்டு. ஆனால் அங்கே சந்தித்தவை பிரியவில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலந்துவிட்டன.

தமிழில் கூலி என்பது வேலைக்கு ஈடாகப் பெறும் பயன். அது நெல்லாக இருக்கலாம், காசாக இருக்கலாம். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் இச்சொல்லை உடையன. தானியத்தைக் குறிக்கும் 'கூலம்' என்னும் பழஞ்சொல்லோடு இதனை இணைத்து, கூலமாக அளந்து கொடுத்தமையால் கூலி ஆயிற்று என்று காட்டும் அறிஞரும் உளர். மணிமேகலை பாடிய சாத்தனார் கூலவாணிகர் எனப்பட்டதை அறிந்த மாணவனுக்கு இவ்விளக்கம் எளிதில் மனத்திற் பதியும். அது முடிந்த முடிபா என்பது வேறு வினா. பொருத்தம் அழகாக இருப்பது மெய்ம்மைக்குப் போதிய சான்று ஆகாது என்பதைச் சொல்லாராய்ச்சியில் இறங்குவோர் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

தொடர்களை நோக்கினால் பொருள் இன்னும் விளங்கும். நாட்கூலி, வண்டிக்கூலி, சுமைகூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. நகைக்கடைக்குச் சென்று தாலிக்குப் பொன் வாங்குகிறவர் பட்டியலிற் காணும் முதற்சொற்களுள் ஒன்று 'செய்கூலி'. பொற்கொல்லரும் அதைக் கேட்க நாணுவதில்லை; கொடுப்பவரும் இழிவாகக் கருதுவதில்லை. இழிவு வந்து சேர்ந்த தொடர்களும் இல்லாமல் இல்லை. கைக்கூலி என்றால் இலஞ்சம். கூலிப்படை என்றால் பொருளுக்காகக் கொல்ல வருவோர். கூலிக்கு மாரடித்தல் என்றால் மனம் ஒன்றாத வேலை. ஆயினும் இவற்றிலும் கூலி என்பது பெறும் பொருளையே குறிக்கிறது. பெறும் மனிதனைக் குறிக்கவில்லை என்பதைக் கருத்தில் இருத்த வேண்டும். மனிதனைச் சொல்ல வேண்டுமானால் தமிழர் ஒரு சொல்லைச் சேர்த்தே சொன்னார்கள்: கூலியாள், கூலிக்காரர். இலக்கண வாய்பாட்டிற் சொன்னால், கூலி அஃறிணை, கூலிக்காரர் உயர்திணை. (லகரத்தை ளகரமாக்கிக் 'கூளி' என்று எழுதும் மாணவன் வேறோர் இடரில் விழுகிறான், பரணி படித்தோர் அறிவர், கூளி என்பது பேய். முதலாளியிடம் அதைக் கேட்டுப் பெறுதல் யாருக்கும் நன்றன்று.)

ஆங்கிலத்தில் மனிதனைக் குறித்து வழங்கும் 'கூலி' தமிழ்க் கூலியிலிருந்துதான் பிறந்ததா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. 1855இல் ஆட்சித்துறைச் சொற்களுக்கு அகராதி தொகுத்த எச். எச். வில்சன், தமிழ்க் கூலியே மூலம் என்று கருதினார். 1886இல் வெளிவந்த 'ஆப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி வேறு பக்கம் சாய்ந்தது. அதைத் தொகுத்த இருவருள் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னாட்டு மொழிகளில் வல்லவர். அத்தகையவர் பங்கு கொண்ட நூலே, தமிழ்ச் சொல்லைக் குறிப்பிட்டுவிட்டு, மேற்கிந்தியக் 'கோலி' மக்களின் பெயருக்கே முதன்மை தந்தது. குசராத்திலும் கொங்கணக் கரையிலும் மீன்பிடித்தும் உழுதும் வாழ்ந்த மக்கள் கோலியர். மேலைக் கரையில் முதலில் இறங்கிய போர்த்துக்கேயர், சுமை தூக்க முன்வந்த கோலியரின் இனப்பெயரையே வேலையின் பெயராக்கினர் என்பது அக்கொள்கை. அங்கே முதலெழுத்து ஓகார உயிர். இங்கே ஊகார உயிர். ஐரோப்பியர் நாவில் இவ்வேறுபாடு நிலைத்திருக்கும் என்று எதிர்பார்த்தல் வீண்.

மூன்றாவது வழி துருக்கி மொழியிலிருந்து வருவது. அம்மொழியில் 'குல்' என்றால் அடிமை, ஏவலன். வியப்பு என்னவெனில், இச்சொல்லை அரசரே தம் பெயரில் தாங்கினர். 1591இல் ஐதராபாத்து நகரை நிறுவிய கோல்கொண்டா மன்னர் முகம்மது குலி குதுப் ஷா. வங்காளத்தை ஆண்ட நவாபு முர்ஷித் குலி கான். பெயரின் நடுவிலுள்ள 'குலி' அந்தத் துருக்கிச் சொல்லின் வழிவந்ததே. இன்னாருடைய அடியான் என்பது பொருள். சைவரும் வைணவரும் தம்மை அடியார் என்றும் அடியேன் என்றும் சொல்லிக்கொள்வதை நினைத்தால் இது விளங்கும். இறைவனுக்கு அடிமை என்பது பெருமை; மனிதனுக்கு அடிமை என்பதே சிறுமை. ஒரே ஒலி கோல்கொண்டா அரியணையிலும் துறைமுகப் படிக்கட்டிலும் ஒலித்தது.

இனிச் சீனத்துக்கு வருவோம். கேமரன் மலையில் காய்கறி பயிரிடும் சீன உழவர் பாகற்காயைக் 'கூ குவா' என்பது இம்மலையிலுள்ள தமிழரிற் பலருக்குத் தெரியும். 'கூ' என்பது கசப்பு. துன்பம் என்றும் பொருள்படும். 'லி' என்பது வலிமை. இவ்விரண்டையும் சேர்த்துக் 'கூலி' என்று சீனர் எழுதினர்: கசந்த உழைப்பு, துன்பப்பட்டுச் செலவிடும் வலிமை. இந்தியாவிலிருந்து ஐரோப்பியர் கொண்டுவந்த சொல்லைத் தம் எழுத்தால் ஒலிபெயர்க்கும்போது, ஒலிக்கும் பொருந்திப் பொருளுக்கும் பொருந்தும் எழுத்துகளை அவர்கள் தேர்ந்தனர். பிறர் தம்மேல் எறிந்த பெயரைப் பிடித்து அதற்குள் தம் துயரத்தையே எழுதி வைத்த இந்தச் செயலுக்கு ஈடான ஒன்றைச் சொல்வரலாற்றில் எளிதிற் காணமுடியாது. சீன எழுத்தை மட்டும் பார்ப்பவன், இது சீனச் சொல்லே என்று சத்தியம் செய்வான்.

மலாயிலும் 'கூலி' உண்டு. அங்கே அது உடலுழைப்பாளியைக் குறிக்கும். ஊதியத்துக்கு மலாயில் 'ஊப்பா' என்னும் தனிச்சொல் இருப்பதால், கூலி என்பது வந்த நாள்முதலே ஆளின் பெயராகவே நின்றுவிட்டது. ஆனால் சாவகத் தீவின் சிற்றூர்களில் 'கூலி கென்செங்' எனப்பட்டவன் நிலமும் வீடும் உடைய குடியானவன். ஊர்க் கடமைகளை முழுதும் சுமந்ததால் ஊரில் மதிப்பும் பெற்றவன். இந்தோனேசியாவில் செய்தித்தாளுக்கு எழுதுவோரை இன்றும் வேடிக்கையாகக் 'கூலி திந்தா' என்பர். மைக்கூலி என்பது பொருள். இதே எண்ணம் செருமானியர்க்கும் தோன்றியது. 1928இல் ஆம்பர்க்கு நகரில் ஒரு மைப்பேனாவை 'தின்தென்கூலி' என்று பெயரிட்டு விற்றனர். பின்னர் உருளைமுனைப் பேனாவுக்குச் செருமன் மொழியில் அமைந்த நீண்ட பெயர் சுருங்கியபோது அதுவும் 'கூலி' ஆயிற்று. இன்று அந்நாட்டு மாணவன் பக்கத்து நண்பனிடம் கூலி கேட்டால், அவன் கேட்பது எழுதுகோல்.

ஒலியால் மட்டும் அண்டை வீட்டாராக நிற்கும் சொற்களும் உண்டு. மலாயில் 'கூலித்' என்பது தோல். பீஜித் தீவு மொழியிலும் 'கூலி' என்பது தோலே. இவை இரண்டும் ஒரு குடும்பத்துச் சொற்கள். நம் கூலியோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. 'கூலியா' என்று மலாயில் வழங்கும் பல்கலைக்கழக விரிவுரையோ, முழுமை என்னும் பொருளுடைய அரபு வேரில் தோன்றிய சொல். கூலியாட்களின் பேரப்பிள்ளைகள் கூலியாவுக்குச் செல்கிறார்கள் என்று மலாய் தெரிந்த தோட்டத்துப் பெரியவர்கள் சிலேடை பேசினால், மொழிநூலுக்கு அது ஏலாது, மகிழ்ச்சிக்கு ஏற்கும்.

விளையாட்டு இவ்வளவில் நிற்க. இத்தனை வேர்களும் கலந்து ஒரு சொல்லாக உறைந்த இடம் அகராதி அன்று. கப்பல் தளமும் தோட்டக் கணக்கேடும். அடிமை வாணிகம் ஒழிந்தபின் மொரிசியசு, நேட்டால், பீஜி, மேற்கிந்தியத் தீவுகள், மலாயா ஆகிய இடங்களுக்கு இந்தியரும், கூபா, பெரு முதலிய நாடுகளுக்குச் சீனரும் ஒப்பந்தக் கட்டில் அனுப்பப்பட்டனர். அவர்கள் அனைவர்க்கும் ஒரே பெயர் போதுமானதாயிற்று. 1862இல் கலிபோர்னியாவில் சீனர்க்கு எதிராகப் பிறந்த வரிச்சட்டம் கூலி எதிர்ப்புச் சட்டம் எனப்பட்டது. 1880இல் ஒல்லாந்தர் சுமத்திராத் தோட்டங்களுக்கு இயற்றிய ஆணை கூலி ஆணை. வேலையை விட்டுப் போனால் சிறை என்றது அது. தமிழிற் கூலி என்பது உழைப்பவனுக்கு உரிமையாக வருவது. இச்சட்டங்களிலோ கூலி என்பவன் உரிமை இழந்து நிற்பவன். சொல் தலைகீழாகிவிட்டது.

ஆகுபெயர் என்று சொல்லி இதை அமைதிப்படுத்தலாமே என்று தமிழாசிரியர் ஒருவர் கேட்கக்கூடும். ஊர் சிரித்தது என்றால் ஊரார் சிரித்தனர் என்று கொள்வதுபோல், கூலி வந்தான் என்றால் கூலி பெறுபவன் வந்தான் என்று கொள்ளலாகாதா? கொள்ளலாம். ஆனால் ஆகுபெயர் என்பது பேசுவோர் தமக்குள் தொன்றுதொட்டு வழங்கும் வழக்கினால் அமைவது. இங்கே தமிழ் வழக்கு கூலியாள் என்றே இருந்தது. அயலார் ஏட்டில் ஆள் மறைந்து கூலி மட்டும் நின்றது. பிறகு அச்சொல், சென்னைத் தொடர்வண்டி நிலையத்தில் சிவப்புச் சட்டைக்காரரை 'கூலி!' என்று தமிழரே கூவி அழைக்கும் அளவுக்குத் தமிழுக்கே திரும்பி வந்தது. தன் வீட்டுப் பிள்ளை ஊர் சுற்றிவிட்டு அடையாளம் மாறி வந்தது போல. 2016ஆம் ஆண்டு இந்திய இரயில்வே வரவுசெலவு உரையில், அச்சுமையாளரை இனிச் 'சகாயக்', அதாவது உதவியாளர், என்று அழைப்பதென அறிவிக்கப்பட்டது. மொரிசியசில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய 'கூலி காட்' துறை, 1978 முதல் 'ஆப்பிரவாசி காட்' என வழங்கி, 2006இல் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. அதே தீவின் கவிஞர் கால் தொராபுல்லி, 1992இல் 'கூலித்துவம்' என்று பொருள்படும் ஒரு சொல்லை ஆக்கி, ஏச்சையே கொடியாக ஏற்றினார். பெயரை மாற்றுவோர் ஒருபுறம், பெயரை மீட்போர் ஒருபுறம்.

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளைக் 'கூலி வழக்கறிஞர்' என்றழைத்தனர். அங்கே இந்தியரைக் குறித்த இன்னோர் ஏச்சு 'சாமி'. முத்துச்சாமி, இராமசாமி என்ற தமிழ்ப் பெயர்களின் ஈற்றிலிருந்து எடுத்தது அது. அப்படி அழைக்கப்பட்ட இந்தியர் சிலர், சாமி என்றால் தலைவன் என்று பொருள், நான் உமக்குத் தலைவன் அல்லேன் என்று மறுமொழி கூறியதைக் காந்தியடிகள் தம் வரலாற்றிற் குறித்துள்ளார். கூலி என்றபோது அத்தகைய மறுமொழி கூற யாருக்கும் வாய்க்கவில்லை போலும். 'கூலி என்றால் நீர் எனக்குத் தரவேண்டியது' என்று ஒரு தமிழர் சொல்லியிருந்தால் அது முற்றிலும் சரியான விடையாக இருந்திருக்கும்.

அந்த விடையை, சொல்லால் அன்றிச் செயலால், மலாயாவில் கூறினார்கள். இந்நாட்டுக்கு நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்கு வழியாக வந்த தமிழர் முதலில் ஒப்பந்தத்தில் வந்தனர். 1907இல் அரசு தமிழர் குடியேற்ற நிதியை ஏற்படுத்தியது; 1910இல் ஒப்பந்தமுறை நிறுத்தப்பட்டது. கங்காணிமுறை நீடித்தது. 1938இல் உதவி பெற்றுத் தொழிலாளர் வருவதை இந்திய அரசு தடை செய்தபோது அதுவும் ஓய்ந்தது. சட்டத்தில் ஒப்பந்தம் போயிற்று. பேச்சில் 'கூலி' போகவில்லை. வீட்டு வரிசைக்குக் கூலி லயன் என்று பெயர். பேரேட்டில் ஆட்கள் கூலிகள். 1941 மார்ச்சு முதல் மே வரை சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டியாக நின்றார். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது, சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி. பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் தகாது நடப்போரைத் தடுத்தல் என்று பட்டியல் நீண்டது. அதில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது: வெள்ளைக்காரத் துரையோ அலுவலரோ எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து தொழிலாளி இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இவ்விரு கோரிக்கைகளையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். ஒன்று தமிழ்க் கூலியைக் கேட்டது. மற்றொன்று ஆங்கிலக் கூலியை மறுத்தது. காசுக்காக எழுந்த கலகம் என்று அதை எழுதுவோரும் உளர். மானத்துக்காக எழுந்தது என்போரும் உளர். கிள்ளான் தொழிலாளர்க்கு அவை இரண்டாகப் படவில்லை. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவ்வாண்டு இறுதியில் சப்பானியர் படையெடுப்பு வந்தமையால் இந்நிகழ்ச்சி பலர் நினைவில் மங்கிவிட்டது. பாடப்புத்தகத்தில் இடம் பெறத் தக்க செய்தி இது.

கேமரன் மலைக்கு இக்கதையில் ஒரு பின்வரிசை இடமே உண்டு. 1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இம்மலையில் தேயிலை வேரூன்றியது 1929க்குப் பின்னரே. அப்போது ஒப்பந்தமுறை பழங்கதையாகிவிட்டது. ஒரு பழைய நீராவி உருளையும் சில கோவேறு கழுதைகளும் தொழிலாளர் கூட்டமும் கொண்டு காடு திருத்தினார்கள் என்று தோட்டத்தார் வரலாறு கூறும். உருளை ஒன்று என்று எண்ணிச் சொல்லும் அவ்வரலாற்றில் ஆட்களுக்கு எண் இல்லை. கையாற் கொழுந்து கிள்ளிய காலம் போய்க் கத்தரியும் இருவர் பிடிக்கும் இயந்திரமும் வந்தன. நாட்டின் குறைந்தபட்ச ஊதிய ஆணை 2013இல் தீபகற்பத்துக்கு மாதம் 900 ரிங்கிட் என்று தொடங்கி, 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டை எட்டியது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுட் பலர் தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டனர். அவர்தம் பாட்டியர் நின்ற சரிவுகளில் இன்று வங்காளதேசத்தாரும் நேபாளியரும் இந்தோனேசியரும் நிற்கின்றனர்.

அவர்களுடைய மொழிகளிலும் கூலி என்னும் சொல் உண்டு. வங்காளத்தில் சுமையாளி, நேபாளியில் சுமையாளி, இந்தோனேசியத்தில் உடலுழைப்பாளி. மூன்றிலும் அது ஆளின் பெயரே. உழைப்பின் பயனுக்கு வங்காளி 'மொசூரி' என்பான். நேபாளி 'ச்யாலா' என்பான். இந்தோனேசியன் 'ஊப்பா' என்பான். கொழுந்துக் கூடைகள் தராசுக்கு வரும் வேளையில், எடை எழுதும் ஏட்டின் முன் நிற்கும் வரிசையில் இம்மூவரோடு இன்னும் சில தமிழரும் உளர். வள்ளுவர் வைத்த பொருளில் 'கூலி' என்று கேட்கத் தக்கவர் அவ்வரிசையில் அவர்கள் மட்டுமே.